ஒழுங்கையைக் குழப்பியவள்

இன்று காலை மகள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் ஒரு சிரட்டையில் பல் விளக்கும் உமிக்கரி இருந்தது. அதைக் கண்டதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி மூன்று வருடமாகிறது. உங்களோடு ஒரே வீட்டில் இருந்தபோது சொல்லத் தைரியம் வராததை இப்போது எழுதுகிறேன்.

கண்டாவளையில் காணி கிடைத்து நாங்கள் வந்த புதிது. மகளுக்கு எட்டு வயது. கெட்டிக்காரிதான். ஆனால் ஒரு வேலை முடிந்தால் அடுத்தது என்னவென்று அவளுக்கு ஓடாது. பல்லை விளக்கிவிட்டுக் கிணற்றடியிலேயே நிற்பாள். என் வாய் உங்களுக்குத் தெரியாததா, கத்துவேன்.

"ஏசாதையும். பிள்ளைக்கு ஒழுங்கு வராட்டி நாங்கள் ஒரு ஒழுங்கை போட்டுக் குடுப்பம். ரெண்டு வேலிக்கு நடுவிலை போற ஒழுங்கையாலை நடந்தால் றோட்டுக்கு வந்துதானே ஆகவேணும்" என்றீர்கள்.

விடியக்காலையில் நீங்கள் வரிசையாக வைப்பீர்கள்: கிணற்றுக்கட்டில் உமிக்கரி, முருங்கையில் துவாய், கொடியில் சட்டை, குசினி வாசலில் சாப்பாட்டுக் கோப்பை, யன்னலில் சீப்பு, வேலிப் படலையடியில் புத்தகப் பை. ஒவ்வொன்றாய் முடித்து நடந்தால் பள்ளிக்கூடம் போகத் தயாராகப் படலையில் நிற்பாள். "அம்மா, என்ர ஒழுங்கை முடிஞ்சுது!" என்று கூவுவாள்.

பள்ளிக்கூடத்துத் தவணைச் சோதனையன்று யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தமக்கை வருவதாக இருந்தது. முற்றமெல்லாம் சாமான் கிடந்தால் மச்சாள் என்ன நினைப்பார்? பிள்ளை எழும்புமுன், உமிக்கரி தவிர நீங்கள் வைத்துவிட்டு வயலுக்குப் போன அத்தனையையும் அள்ளி அலுமாரிக்குள் போட்டேன். பிறகு பஸ்ஸடிக்குப் போனேன். மச்சாளோடு திரும்பியபோது பத்து மணி கடந்துவிட்டது. பிள்ளை வாயெல்லாம் கரியோடு கிணற்றடியிலேயே நின்றாள். சோதனை போயிற்று.

மத்தியானம் நீங்கள் வந்து, "ஆர் எடுத்தது?" என்றீர்கள். பக்கத்தில் மச்சாள். நான் வாய் கூசாமல், "பிள்ளைதான் எல்லாத்தையும் குழப்பினவள்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம் அப்பா. நான்தான் குழப்பிப்போட்டு மறந்திட்டன் போலை."

மறதிக்காரி என்று நாள்தோறும் என்னிடம் ஏச்சு வாங்கியவள், செய்யாததையும் தானே செய்து மறந்ததாக நம்பிவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நீங்கள் ஒன்றும் வைக்கவில்லை; முற்றம் வெறுமையாக இருந்தது. "அவளுக்குப் பிடிக்கேல்லையாக்கும்" என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டினேன்.

இப்போது அவள் தன் மகளுக்கு அதே ஒழுங்கையைப் போடுகிறாள். இன்று சீப்பை யன்னலில் வைத்தபடி, "அப்பா ஆசையாப் போட்டதை நான் குழப்பிப்போட்டனெல்லே அம்மா?" என்றாள். என் வாயில் உமிக்கரி இருந்தது. கொப்பளித்துத் துப்பிவிட்டுத் துவாயை எடுத்து வாயைத் துடைத்தேன்.

உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.