இருட்டிலும் சாகாத பாசி

அனுப்புநர்:
கடைசிக் குளத்துக் குத்தகைதாரரின் இளைய மகள்.

பெறுநர்:
மீன்வளத் துறை உதவி இயக்குநர் அவர்கள்.

பொருள்: குளக் குத்தகையை ரத்து செய்யும் முன் குளத்தை நேரில் பார்வையிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் வந்து பேச எனக்கு வாய் வராது. அப்பாவுக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. ஆகவே, எட்டாம் வகுப்போடு நின்ற நான் இதை எழுதுகிறேன்.

1. எங்கள் சிறிய குளத்து நீர் பொன்னிறமாகி மீன்கள் செத்து மிதந்தபோது, இது நஞ்சு கக்கும் பாசி, வெயில் படாமல் மூடினால் செத்துவிடும் என்று தங்கள் துறை ஆய்வாளர் கூறினார். எஞ்சிய மீன்களுக்கு வழக்கம்போல் தீனி போடவும் சொன்னார். அப்படியே செய்தோம். தார்ப்பாய் போதாமல் வீட்டுப் போர்வைகளையும் சேர்த்துத் தைத்தோம். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நிறுத்தவே இல்லை.

2. பாசி சாகவில்லை. மீன்கள்தான் மிச்சமின்றிச் செத்தன. "வெளிச்சமில்லாம பாசி எப்படிம்மா பொழைக்கும்? நீங்கதான் துணியை விலக்கியிருப்பீங்க" என்றார் ஆய்வாளர். குத்தகைதாரரின் அலட்சியம் என்று அறிக்கையும் அனுப்பிவிட்டார். அப்பா அலுவலகத்துக்கு நடந்து நடந்து சொல்லிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

3. குளத்து நீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மீன் நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் காட்டினார். அந்தப் பாசி ஒரே செல்தான். தன்னைவிடச் சிறிய ஒன்றை அணைப்பதுபோல் வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டது. "வெயில் இருந்தா இலை மாதிரி தானே சமைச்சுக்கும். இல்லேன்னா பக்கத்துல இருக்கிறதை முழுங்கிக் காலத்தை ஓட்டும்" என்றார் அக்கா. நாங்கள் போட்ட தீனி அழுகிக் கிருமிகள் பெருகியிருக்கின்றன. இருட்டில் அவைதான் அதற்கு இரை. மூடி வைத்து நாங்களே ஊட்டியிருக்கிறோம்.

இதைச் சொன்னதும் அம்மா, "வெயிலையும் திங்குமாம், வாயாலயும் திங்குமாம். குடுத்து வச்சதுடி" என்றார். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

4. ஆய்வாளர்மீது எனக்குக் குறையில்லை. அவருக்கும் இது புதிது என்றே நினைக்கிறேன். ஆனால் அப்பா துணியை விலக்கவில்லை. இந்தக் குளம் போனால் அவருக்குச் செய்ய வேறு வேலை தெரியாது.

செத்த மீன்களைக்கூடத் துணியை விலக்காமல் ஓரத்தில் கைவிட்டுத்தான் எடுத்தோம். மீனே இல்லாத குளத்தை இன்னும் மூடியே வைத்திருக்கிறோம். காற்றடித்தால் துணி பறக்காமலிருக்க அம்மா ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் உட்கார்ந்துகொள்கிறோம். தாங்களே வந்து, தங்கள் கையாலேயே துணியை விலக்கி, இருட்டிலும் நீர் பொன்னிறமாகவே இருப்பதைப் பார்க்க வேண்டுகிறேன். அதுவரை எழுந்திருக்க மாட்டோம்.

இடம்: குளக்கரை
நாள்: செவ்வாய்க்கிழமை

பணிவுடன்,
கடைசிக் குளத்துக்காரர் மகள்