கசக்காத பொடி

நேற்று டாக்டர் எனக்கும் ரத்தக் கொதிப்பு என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். "சர்ப்பகந்தா வேர்லேருந்து எடுக்கறாங்க டீச்சர், நம்ம நாட்டுச் சரக்குதான்" என்றார். வேரின் பெயரைக் கேட்டதும் உன் முகம் வந்தது. கண்ணை இறுக்கி, மூக்கைச் சுருக்கி.

ஐம்பதுகளின் கடைசியில், ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளியில் நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது, உன் ரத்தக் கொதிப்புக்கு அந்த வேர்ப் பொடியைத் தேனில் குழைத்து அப்படித்தான் விழுங்குவாய். "இந்த மூஞ்சியோட கிளாசுக்குப் போ, பசங்க தப்பில்லாம கணக்குப் போடும்" என்பேன்.

"உனக்கும் ஒரு நாள் வரும்டி. அப்ப நான் சிரிப்பேன்."

உன் வைத்தியர் கன்னடக்காரர். "பொடி பேடம்மா, வேராவே வாங்கி வீட்ல இடிச்சுக்கோங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நீயும் இடித்துச் சலித்துத்தான் சாப்பிட்டாய். தலைவலி விட்டது. தூக்கம் வந்தது.

ஆண்டுத் தேர்வு வந்ததும் இடிக்க நேரமில்லாமல் மார்க்கெட்டில் பொடியாகவே ஒரு டப்பா வாங்கினாய். "பாருடி, இந்த வாட்டி கசக்கவே இல்ல! நல்லா சலிச்சிருக்காங்க போல." நீ முகம் சுளிக்காமல் மருந்து சாப்பிட்டது அந்தக் கொஞ்ச நாள்தான்.

தலைவலி திரும்பியது. வெயில் என்றாய். விடைத்தாள் கட்டின் மேல் நீ சாய்ந்தபோது சிவப்புப் பேனா விரலிலேயே இருந்தது. ஜட்கா வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது நீ உயிரோடு இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் டப்பாவை வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது கசக்கணும்மா. அந்த வேரு இதுல பேருக்குத்தான் இருக்கு. மிச்சமெல்லாம் வேற ஏதோ வேரு." பாலில் தண்ணீர் கலந்தால் நிறமாவது கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். பழுப்புப் பொடியோடு இன்னொரு பழுப்புப் பொடி சேர்ந்தால் நாக்குக்கு மட்டும்தான் தெரியும். உன் நாக்குக்குத் தெரிந்திருந்தது. நாம் இருவரும் அதற்குச் சந்தோஷப்பட்டோம்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மூடியைக் கேட்டு வாங்கி டப்பாவை மூடினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். இன்றுவரை எதுவும் வரவில்லை.

ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது. சுக்கோ, மஞ்சளோ, வீட்டுக்கு வரும் எந்தப் பொடியும் முதலில் என் நாக்குக்குத்தான். இன்று காலை மாத்திரையையும் உடனே விழுங்கவில்லை. நாக்கில் வைத்துக் காத்திருந்தேன். மெல்லக் கசந்தது. கண்ணை இறுக்கி, மூக்கைச் சுருக்கி விழுங்கினேன்.

இப்போது நீ சிரிக்கலாம்.