கம்பி அறுத்த கைகாட்டியைக் கழற்றக் கோருதல்

அனுப்புநர்
ஞா. நான்சி, எம்.எஸ்சி.,
இயற்பியல் ஆசிரியை,
4/61, மேற்குத் தெரு,
அல்லிக்குளத்துப்பட்டி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
கோட்ட சிக்னல் பொறியாளர் அவர்கள்,
ரயில்வே கோட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு மேற்கே, செயலிழந்து நிற்கும் பழைய கைகாட்டியை அகற்றக் கோருவது.

பார்வை: என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அளித்த 12.8.2024 நாளிட்ட பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஜூன் 16 அன்று எங்கள் நிலையத்தில் கைகாட்டிகளுக்குப் பதிலாக வண்ண விளக்கு சிக்னல்கள் வந்தன. விளக்குகள் மீது எனக்குக் குறையில்லை. பூந்தோட்டப் பாதையோரம் இன்னும் நிற்கும் பழைய கைகாட்டிதான் என் புகார்.

2. ஊருக்கும் மல்லிகைத் தோட்டங்களுக்கும் நடுவே தண்டவாளம் போகிறது. பூப்பறிக்கும் பெண்கள் காலையில் கடக்கும் இடத்தில் கேட் கிடையாது. கிழக்கிலிருந்து வரும் வண்டி தூரத்திலேயே தெரியும். மேற்கே வளைவு, கருவேலம் புதர் மறைக்கிறது. அதனால் அந்தப் பக்கம் கைகாட்டியைத்தான் பார்ப்பார்கள். கை இறங்கியிருந்தால் வண்டி வருகிறது. நீட்டி நின்றால் கடக்கலாம். அது ஓட்டுநருக்கான குறி, எங்களுக்கானது அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் ஊரே அப்படித்தான் கடந்தது. நானும்தான்.

3. கையை இழுத்து இறக்கும் கம்பியை அறுத்துவிட்டால் கை தானாகவே நீட்டிய நிலைக்குப் போய்விடும். வண்டியை நிறுத்திவைப்பதற்காகச் செய்த நல்ல அமைப்பு அது. பாதையில் நிற்பவருக்கோ, வண்டி இல்லை என்று நாள் முழுக்கப் பொய் சொல்கிறது. விளக்குகள் மாறிய அன்று ரயில்வேயிலிருந்து யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

4. மூன்று நாள் கழித்து, ஜூன் 19 காலை, ஜக்கம்மாள் (வயது 52) கையைப் பார்த்துவிட்டுக் கடந்தார். மின்சார எஞ்சின், சத்தம் வரும்போது வண்டியும் வந்துவிட்டது. இப்போது அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "அத்துமீறிக் கடந்தவரின் கவனக்குறைவு" என்ற தங்கள் பதிலை ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். "கை எறங்கலயே டீச்சர். பாத்துட்டுத்தானே காலெடுத்து வச்சேன். என்னயப் போயி கவனமில்லாதவன்னு எழுதிட்டாகளே" என்றார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

5. 'பயன்பாட்டில் இல்லை' என்பதற்கான குறுக்குப் பலகைகள் விதிப்படி மாட்டப்பட்டுள்ளன என்கிறது பதில். உண்மை. அவை ஓட்டுநரைப் பார்த்து நிற்கின்றன. பாதையிலிருந்து பார்த்தால் பலகையின் விளிம்பு மட்டும் ஒரு குச்சியைப் போலத் தெரிகிறது.

6. யார் சொல்வதையும் அப்படியே நம்புகிறவள் அல்ல நான். மூன்று காலைகள் அங்கே நின்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இப்போது நின்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். சேவுகம்பட்டிப் பக்கமிருந்து கூலிக்கு வருகிறவர்கள் கையைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒருவரை முந்தானையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள், எல்லாம் தெரிந்த என் கண்ணே முதலில் கையைத்தான் தேடியது.

7. பழைய பொருள் ஏலத்தின்போது கம்பம் அகற்றப்படும் என்று எழுதியுள்ளீர்கள். ஏலத் தேதி இல்லை. ஜக்கம்மாளின் தம்பி பழனிக்குமார், "நீங்க மனு எழுதி முடிக்கிறதுக்குள்ள நாங்க அறுத்து எடைக்குப் போட்டு டீயே குடிச்சிருவோம்" என்கிறார். ரயில்வே சொத்து, வழக்கு வரும் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்.

8. கம்பம் ஏலம்வரை நிற்கட்டும். கையை மட்டுமாவது பதினைந்து நாட்களுக்குள் கழற்றிவிடுங்கள். ஒரு ஏணியும் இரண்டு ஆட்களும் போதும். தங்கள் பதிலில் உள்ள 'கவனக்குறைவு' என்ற சொல்லையும் மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்.

9. கழற்றும்வரை தினமும் காலை ஐந்தரை முதல் ஏழு மணிவரை அந்தப் பாதையில் நின்று, வருகிறவர்களை நிறுத்தி, கையை நம்பாதீர்கள் என்று சொல்வேன். இது மிரட்டல் அல்ல, தகவல். அங்கே நிற்பது அத்துமீறல் என்றால் வழக்குப் பதியலாம். என் முகவரி மேலே உள்ளது.

இடம்: அல்லிக்குளத்துப்பட்டி
நாள்: 26.9.2024

நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஞா. நான்சி