நான் முதலில் பிடுங்கிய பிளக்

என் உசிரான கன்னியம்மா அக்காவுக்கு,

திருவொற்றியூர் தொடங்கி எர்ணாவூர் வரை வானலைகளை அடக்கி ஆளும் ஒயர்லெஸ் சக்கரவர்த்தியும், பதினோரு ரவுட்டர்களைக் கட்டி மேய்த்தவனும், உப்புக் காற்றோடு முப்பதாண்டுப் போர் புரிந்து வருபவனுமாகிய உன் கடைசித் தம்பி ஏழுமலை எழுதிக்கொள்வது. நீ போய் ஒன்பது மாதமாகிறது. நீ இருக்கும் இடத்தில் சிக்னல் எப்படி என்று தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இடையில் நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தானாகப் பெருக்கும் மெஷின் ஒன்று வாங்கினேனே, வட்டமாய், தோசைக்கல் மாதிரி? அது உன் கீழ்ப் போர்ஷனில் பாதி வங்கக் கடற்கரையைத் தின்றுவிட்டு வயிறு ஊதிப் படுத்துவிட்டது. வாசல் மணியில் பொருத்திய கேமரா மட்டும் கடமை தவறவில்லை. மாடியில் காயும் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு பூனை இறங்கிப் போகும்போதெல்லாம், வாசலில் ஒருவர் நிற்கிறார் என்று என் போனுக்குத் தகவல் அனுப்புகிறது. திருடனுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் கேமராவை நீ பார்த்ததில்லை.

உன் சமையலறையில் நான் வைத்த பேசும் ஸ்பீக்கர் நினைவிருக்கிறதா? காசிமேட்டிலிருந்து மீன் விற்றுவிட்டு வந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு அதைக் கேட்டாய்: "ஏம்மே, நாளிக்கி காத்து எப்டி கீது?" அது, மன்னிக்கவும், புரியவில்லை என்றது. நீ மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாய்.

"டேய் ஏழுமல, இது எந்த ஊரு பொண்ணுடா? ஒரு வாரமா நம்ம வூட்டு கரண்ட துன்னுகினு கீது, நம்ம பேச்சு புரிலன்னுது."

"கத்துக்கும்க்கா. டைம் குடு."

"நா குடுக்கறேன். கடலு குடுக்குமா?"

அது இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் அளப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டிய இடம் வருகிறது அக்கா. அதைத் தள்ளிப்போடத்தான் பூனைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

சதீஷைப் பற்றித்தான்.

காட்டுப்பள்ளியில் வெல்டிங் கற்றுக்கொண்டு உன் ஒரே மகன் வளைகுடாக் கப்பல் பட்டறைக்குப் போன நாளிலிருந்து, என் சாம்ராஜ்ஜியத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. தினம் சாயங்காலம் அவன் முகம் உன் போனில் வர வேண்டும். அதற்காக நான் மாடியில் ஆண்டெனா நட்டேன். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அதிர்ந்து கழன்ற ஒயர்களை ஊக்கு போட்டுக் கட்டினேன். துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு முனைக்கும் வாஸ்லின் தடவினேன். நீயோ போனை ஒரே கோணத்தில்தான் பிடிப்பாய். மூன்று வருஷமாக அவன் பார்த்தது உன் நெற்றியையும், மேலே சுற்றும் ஃபேனையும்தான்.

"யம்மா, போன கொஞ்சம் கீழ எறக்கு. மூஞ்சி தெரில."

"இன்னாத்துக்கு? பொண்ணு பாக்கவா வந்துகீற? சாப்ட்டியா, அத சொல்லு."

அப்படியிருந்த நீ ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டாய். சதீஷுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் டிக்கெட் இல்லை. போனில் அவன் அழவில்லை. "மாமா, எனக்கு அம்மாவ காட்டு. எடுத்துகினு போற வரைக்கும் காட்டு" என்று மட்டும் கேட்டான்.

நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கூசுகிறது. "மருமவனே, நீ அங்க கீறன்னு நெனைக்காத. இங்க கீற. மாமன் நெட்டுடா இது, கடலே வத்துனாலும் இது வத்தாது."

ஏற்பாடெல்லாம் பிரமாதம்தான். என் போனைச் சன்னல் கம்பியில் கட்டினேன். உள்ளே ஐஸ் பெட்டியும் தெரியும், திருப்பினால் வெளியே சந்தும் தெரியும். சிம் கார்டு நெட்டை அணைத்து வைத்தேன். வீட்டு வைஃபை இருக்கும்போது கண்ட கம்பெனி டவரை நம்புவது எனக்கு மானப் பிரச்சினை. ரவுட்டருக்குக் காவலாக ஒரு பேட்டரி வைத்திருந்தேன் இல்லையா, அதை அன்று காலையில் கழற்றி, பந்தலில் கானா பாட வந்தவர்களின் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்குப் பாட்டு குறையக் கூடாது என்று பெருந்தன்மை.

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் அதை என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் சொருகினார். பக்கத்தில் ரவுட்டரின் பிளக். இரண்டும் வெள்ளை.

எடுக்கிற நேரம் வந்தது. "பொட்டி பிளக்க கயட்டுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எலெக்ட்ரிக் சமாச்சாரம் என்றால் அந்தத் தெருவில் வேறு யார் கை வைக்க முடியும்? நான்தான் குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன். பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. சரியென்று இன்னொன்றையும் பிடுங்கினேன். உறுமல் நின்றது. முதலில் பிடுங்கியது எது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

உன்னைச் சந்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணுக்குக் கடைசிப் புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும், அந்தக் கோடியைப் போர்த்த வேண்டியவன் நான். சன்னல் பக்கம் போனைத் திருப்பிவிட்டு ஓடினேன். நீராட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டு, பறைக்காரர்கள் முன்னால் போக நீ தெருவைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலுக்கு ஓடி வந்து பார்த்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அலமாரியில் ரவுட்டர் ஒரு விளக்கும் இல்லாமல் கறுப்பாய் இருந்தது. சொருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாய் வந்தன. சதீஷ் முகம் வந்தபோது அவனுக்குக் காட்ட, மிதிபட்ட பூவும் ஈரத் தரையும்தான் இருந்தன.

"மாமா, இன்னா ஆச்சு? இருவது நிமிஷமா அம்மா தெரில."

"உன் பக்கம் நெட்டு புட்டுக்கிச்சி மருமவனே" என்றேன்.

வாயில் அது தானாக வந்தது அக்கா. நான் தேடி எடுக்கவில்லை.

அவன் நம்பினான். அந்த இருபது நிமிஷமும், சிக்னல் தேடி, தங்கியிருந்த கட்டடத்தின் நாலு மாடியையும் ஏறி மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறான். போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதன் பிறகு ஒவ்வொரு போனிலும் அதே பேச்சு. "ஓடாம ரூம்லியே இருந்திருந்தா லைன் கெடச்சிருக்கும் மாமா. நாந்தான் அவசரப்பட்டு வுட்டுட்டேன்." எட்டு மாதம் அவன் இதைச் சொல்ல, எட்டு மாதம் நான் "வுடுடா, நெட்டுன்னா அப்டித்தான்" என்று ஆறுதல் சொன்னேன். எப்படிப்பட்ட ஆறுதல், பார்த்தாயா?

செல்விக்கு மட்டும் தெரியும். நான் பிளக்கைத் திரும்பச் சொருகும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. உன் தம்பி பொண்டாட்டியின் வாய் அவ்வளவு நாள் சும்மா இருந்தது இந்தக் குப்பத்தின் சரித்திரத்திலேயே கிடையாது.

போன மாதம் சதீஷிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. ஊருக்கு வந்த அவன் சிநேகிதன் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால் புது ரவுட்டர், எட்டு ஆண்டெனாவோடு, மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி. வேறு நாளாயிருந்தால் மேளம் வைத்து ஊர்வலம் விட்டிருப்பேன். கூடவே போன் வந்தது. "மாமா, அன்னிக்கி மாரி இனிமே ஆவக்கூடாது. நானும் நல்ல போனா மாத்திட்டேன். என் போனு டப்பாவா இருந்ததாலதான் அம்மாவ பாக்க முடில."

நான் "ஆமாண்டா" என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி மீன் ஆய்ந்துகொண்டிருந்த அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னா சக்ரவர்த்தி, இதுக்கும் பேசாம கெடப்பியா? அந்தப் புள்ள தன்ன தானே அறுத்துகினு கீறான். நீ பொட்டி பிரிச்சி பாத்துகினு கீற."

சொல்லிவிட்டேன் அக்கா. மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு பிளக்கையும், பேட்டரியையும், அணைத்து வைத்த சிம்மையும், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. அவன்தான் வைத்தான்.

இரண்டு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அவன் கூப்பிடாமல் விட்டதே இல்லை. நண்டு ரவுட்டரை நான் மாட்டவில்லை, மாட்ட மனசு வரவில்லை. மூன்றாம் வெள்ளி மத்தியானம் கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை.

"மாமா, அந்த இருவது நிமிஷத்துல இன்னா நடந்துச்சி? பீலா வுடாம சொல்லு."

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இவ்வளவு கஷ்டமான வேலை கேட்டதில்லை.

சொன்னேன். உன்னை வேப்பமரத்துப் பக்கம் தலைவைத்துப் பெஞ்சில் படுக்க வைத்தோம் என்றேன். நாலு குடம் தண்ணீர் என்றேன். மூக்குத்தியைக் கழற்றிய இடத்தில் சின்னப் பள்ளம் தெரிந்தது, முடி ஈரமாய்க் காதோடு ஒட்டியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது என்றேன். தூங்குவது போல இருந்தாள் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். நீ தூங்கும்போது குறட்டை விடுவாய். அதனால் சொல்லவில்லை.

"கோடி இன்னா கலரு?"

"ஊதா."

"ஊதாவா? அம்மாக்கு ஊதாவ கண்டா ஆவாதே மாமா."

"தெரியும்டா. அந்நேரத்துக்கு ஒரு கடைதான் தெறந்திருந்துச்சி. அதுல பருத்தில அது ஒண்ணுதான் இருந்துச்சி."

சிரித்துவிட்டான். உன்னைப் போலவே, மூச்சு பிடித்துக்கொண்டு வரும் சிரிப்பு. அது எங்கே அழுகையாய் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"வாய்க்கரிசி... எனுக்கு பதுலா யாருனா போட்டாங்களா?"

அந்த இடத்தில் ஒரு பொய் எவ்வளவு சுலபமாய் உட்கார்ந்திருக்கும், பார். நான் போட்டேன்டா, உன் பேரைச் சொல்லி இரண்டாம் கை அள்ளிப் போட்டேன் என்றால் முடிந்தது. அவனும் நிம்மதியாய்த் தூங்குவான். என் நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது.

"இல்லடா" என்றேன். "யாரும் போடல. எனுக்கும் தோணல. என் பங்க மட்டும் போட்டுட்டு நவுந்துட்டேன்."

"சரி மாமா" என்றான். பிறகு, "மொதல்லருந்து இன்னொரு தபா சொல்லு" என்றான்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வெள்ளியும் கேட்டான். அதே வேப்பமரம், அதே நாலு குடம், அதே ஊதா. மொட்டை மாடிக்கு ஓடியதைப் பற்றி மட்டும் அவன் இப்போதெல்லாம் பேசுவதில்லை. என்னை மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கலாமா அக்கா? நீயிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் வருஷத் திவசத்துக்கு அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது. வந்ததும் அவனைச் சந்தில் நிறுத்தி, பெஞ்சு போட்ட இடத்தையும், உன் தலை இருந்த பக்கத்தையும், நான் கோடியோடு நின்ற இடத்தையும் காட்டுகிறேன். படையலில் முதல் கை அவனுடையது. என் கை அதற்குப் பிறகுதான் இலையைத் தொடும். அவன் எத்தனை தடவை கேட்டாலும் அந்த இருபது நிமிஷத்தைச் சொல்வேன். எனக்கு நினைவில்லாத இடம் வந்தால், நினைவில்லை என்றே சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் சதீஷுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றும் கடைசித் தம்பி,
ஏழுமலை