நெத்தலிக்குள் சுற்றி வந்த கணக்கு

குசினியில் உன் அம்மா நெத்தலிக் கருவாடு பொரிக்கிறார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உன் மேசைக்கு முன்னால் இருக்கிறேன். சீ, என்ன பிறவி நான்! திருகோணமலையில் பிறந்து, இதே நெத்தலியும் சோறும் தின்று வளர்ந்தவளுக்கு இன்று அது நாறுகிறதாம். என்னை மூக்கைப் பொத்தவைப்பது மீன் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கும் அது தெரியவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் உன் ஜன்னல் அப்படியேதான் இருக்கிறது. கீழே உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரிகிறது. கம்பசில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பௌதிகம் படித்த நாங்கள் இருவரும் மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு மனுப்போட்டோம். நான் போனேன். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியே விட ஏலாது என்று நீ போகாமல் ஊருக்கே திரும்பி வந்தாய். காலையில் டியூசன், பகலில் மின்சாரம் இருக்கும் மட்டும் கணினியில் கணக்கு. சண்டை மறுபடி தொடங்கி, ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களிலும் நீ விடவில்லை. “கணக்குக்கு ஊரடங்கு இல்லையடி” என்று தொலைபேசியில் சிரிப்பாய்.

எங்கள் ஆய்வுகூடத்தின் வேலை, பொருட்களைக் குளிரவைப்பது. ஐஸ் குளிர் இல்லை, அசைவே அடங்கிப்போகும் குளிர். அணுவை அந்த நிலைக்குக் கொண்டுவருவது எவ்வளவோ சுகம். லேசர் ஒளியால் எதிரே தள்ளித் தள்ளி அதன் ஓட்டத்தை அடக்கிவிடலாம். மூலக்கூறு அடங்காது. ஓட்டத்தை நிறுத்தினால் அதிரும், அதிர்வை நிறுத்தினால் சுழலும். “அணு நல்ல பிள்ளை, மூலக்கூறு சரியான குழப்படிகாரி” என்பது உன் தீர்ப்பு. ஆகவே இரண்டு அணுக்களை முதலில் தனித்தனியே குளிர்த்தி, காந்தப்புலத்தால் தொட்டும் தொடாமலும் சோடி சேர்த்து, பிறகு லேசர்களால் அந்தச் சோடியை அதிர்வு அடங்கிய அடிமட்டத்துக்கு இறக்கவேண்டும். இறங்க நடுவில் ஒரு படி தேவை. அது எந்த அலைநீளத்தில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சரியான அலைநீளத்தில் லேசரைப் பாய்ச்சினால் திரையில் தெரியும் அந்தச் சோடிகளின் மேகம் சட்டென்று மறையும். படி அகப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தப் படியைக் கணித்துத் தர நீ இருக்கிறாய் என்று எங்கள் பேராசிரியரிடம் நான்தான் சொன்னேன். “அவள் சொல்லும் இடத்தில் அது இருந்தால் கட்டுரையில் அவள் பெயர் இருக்கும், அடுத்த வருடம் இங்கே அவளுக்கு ஒரு இடமும் இருக்கும்” என்றார் அவர். நீயும் அம்மாவும் இந்த ஊரை விட்டு வெளியே வர உங்களுக்கு இருந்த ஒரே வழி அது. எனக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

தொடர்புகள் அறுந்து அறுந்து வந்ததால் பக்கம் பக்கமாக இலக்கங்களை அச்சடித்து, தபாலில் அனுப்புவதற்காகக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனாய். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பிடித்தார்கள். வெறும் இலக்கங்கள் நிறைந்த இருபது தாளைக் கண்டால் யார்தான் விடுவார்கள்? மத்தியானம் வரை நிற்க வைத்ததை நீ எனக்குப் பகிடியாகத்தான் சொன்னாய்.

“இது என்ன நம்பர், ஆருக்கு எண்டு கேட்டாங்கள். குளிராக்கிற கணக்கு ஐயா எண்டன். ஐஸ் கொம்பனியா எண்டு கேட்டான் ஒருத்தன். ஓம் ஐயா, சரியான சின்ன ஐஸ் கொம்பனி எண்டன்.”

தாள்களைத் திருப்பித் தரவில்லை. நீ மறுபடி அச்சடித்தாய். இந்தத் தடவை பொலித்தீனில் சுற்றி, இலங்கைத்துறையிலிருந்து வந்த நெத்தலிக் கருவாட்டுப் பைக்குள் அடியில் வைத்து, வெளிநாடு புறப்பட்ட ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டாய். “அந்த மணத்துக்குள்ள ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்” என்றாய். வைக்கவில்லை. எல்லாச் சாவடியையும் கடந்து, பத்திரமாக என் ஆய்வுகூடத்து வாசலுக்கே வந்து சேர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட இருந்தவர்கள் மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்தார்கள். நானும் சுளித்தேன். “தூரத்துச் சொந்தக்காரர் யாரோ, விவரம் தெரியாத சனம்” என்றேன். தாள்களை உருவி எடுத்துக்கொண்டு, உன் கணக்கைக் காப்பாற்றி வந்த மீனை வெளியே குப்பைத் தொட்டியில் கொட்டினேன். தூ!

உன் இலக்கத்தில் லேசரைப் பாய்ச்சினோம். ஒன்றும் மறையவில்லை. இரண்டு பக்கமும் நகர்த்தித் தேடினோம். ஒரு மாதம் போனது. பேராசிரியரின் முகம் கடுத்தது. நான் உன்னை அழைத்து எரிந்து விழுந்தபோது நீ அமைதியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

“நான் தந்தது வெற்றிடத்து அலைநீளம். உங்கட மானி காத்திலயா காட்டுது, வெற்றிடத்திலயா? ஒருக்கா பாரடி.”

ஒரே ஒளிக்குக் காற்றில் அலைநீளம் மயிரிழை குறைவு. லேசரின் அலைநீளத்தை அளக்கும் எங்கள் மானியில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அமத்தினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும். முதலாம் வருடப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வி அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்க இருக்கிற ஆக்களுக்கு மானி பாக்கத் தெரியும். நீ உன்ர கணக்கைப் பார்” என்றேன். மானி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

தொலைபேசியில் நீ தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரியடி. அப்ப பிழை என்ர பக்கம்தான். திருப்பிப் பாக்கிறன்” என்றாய்.

அடுத்த நாள் பேராசிரியரிடம் போய், உன் கணக்குப் பிழை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். கட்டுரையிலிருந்து உன் பெயர் போனது. உனக்கு வைத்திருந்த இடம் வேறொருவனுக்குப் போனது.

நாலு மாதம் கழித்து, ஊரடங்கு போட்ட ஒரு பின்னேரம் உனக்கு அந்தப் பழைய மூச்சு முட்டு வந்தது. வாயில் வைத்து இழுக்கும் பம்பில் மருந்து முடிந்திருந்தது. மருந்துக்கடை பூட்டு, ஓட்டோக்காரர் ஒருவரும் வெளிக்கிடவில்லை. வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் அம்மா றோட்டில் இறங்கி, ஒரு வாகனத்தை மறித்துக் கொண்டுவந்தபோது நேரம் கடந்துவிட்டது. உன் செத்தவீட்டுக்கும் நான் வரவில்லை. சோதனை வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்த வாரத்தில்தான் புதிதாக வந்த மாணவி ஒருத்தி மானியைத் துடைத்துக்கொண்டு, “இது ஏன் காற்றில் நிற்கிறது?” என்று கேட்டாள். யாரோ எப்போதோ வேறு வேலைக்காக மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பொத்தானை அமத்தி, அந்த ஒரு மாதமும் நாங்கள் தேடிய எல்லைக்குச் சற்று வெளியே கிடந்த உன் இலக்கத்துக்கு லேசரைக் கொண்டுபோனோம். அரை மணித்தியாலம் ஆகவில்லை, மேகம் மறைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உன் பெயரைச் சேர்க்கவேண்டுமென்றால் பொத்தான் கதையைச் சொல்லவேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. “எங்கள் கணிப்பின்படி” என்று கட்டுரையில் எழுதினோம். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் நீ இல்லை. அதை வைத்துக்கொண்டு மேடை ஏறினேன், மாலை வாங்கினேன், குளிர்ந்த மூலக்கூறுகளைப் பற்றி இவ்வளவு காலமும் ஊர் ஊராகப் பேசினேன். மூலக்கூறு அடங்குகிற அழகைச் சொல்லும்போது ஆட்கள் கண் கலங்குவார்கள். நான் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவுவேன்.

சண்டை முடிந்து எத்தனையோ வருடம் கழித்து நேற்றுத்தான் உன் வீட்டுப் படி ஏறினேன். அன்ரி, உன் அம்மா, என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். அலுமாரியைத் திறந்து உன் கணக்குக் கொப்பியைத் தந்தார். “கடைசி வரைக்கும் இதோடதான் பிள்ளை இருந்தவ. எங்கையோ பிழை விட்டிட்டன், அவளுக்கு அங்க வெக்கமாப் போச்சுது எண்டு தேடிக்கொண்டே இருந்தவ. பிழை எதிலயெண்டு நீயாவது கண்டுபிடிச்சனியா?”

கொப்பியில் ஐந்து தடவை முழுக் கணக்கும் முதலிலிருந்து போட்டிருக்கிறாய். ஐந்திலும் அதே இலக்கம். ஆறாவது தடவை அதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஒரு பிழையான இலக்கத்தை எழுதியிருக்கிறாய். கீழே உன் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி: ‘அவள் சொன்னால் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள்.’

குசினி வாசலில் போய் நின்றேன். “அன்ரி, அவளின்ர கணக்குச் சரி. முதல் நாளே சரி. ஒரு பொத்தானைப் பாக்கச் சொன்னவ, நான் பாக்கேல்லை. பிழை எண்டு பேராசிரியருக்குச் சொன்னதும் நான்தான்” என்றேன்.

அன்ரி ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, தாச்சியில் பொரிந்துகொண்டிருந்ததைக் கரண்டியால் திருப்பிப் போட்டார்.

“அப்ப, அவளுக்கு ஆர் சொல்லுறது?” என்றார்.

நடந்ததை எல்லாம் எழுதி, உன் பெயரோடு, கட்டுரை வந்த சஞ்சிகைக்கு இன்று காலையில் அனுப்பிவிட்டேன். அவர்கள் திருத்தம் போடுவார்கள், போடாமலும் விடுவார்கள். என் மாலைகளைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். அதெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் விவகாரம், உனக்கு அதால் ஒரு சதத்துக்குப் பிரயோசனம் இல்லை. லேசரை ஏற்றுமுன் ஒவ்வொரு நாளும் நான் அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறேன். இவளுக்கு என்ன விசர் என்று மாணவர்கள் சிரிக்கிறார்கள். தொடும்போதெல்லாம் ‘காத்திலயா, வெற்றிடத்திலயா?’ என்று உன் குரல் கேட்கும். ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அன்ரி சாப்பிடக் கூப்பிடுகிறார். போகவேண்டும். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்:

காத்திலதான் நிண்டதடி. நான் பாக்கேல்லை.