கால் சுவிட்சில் ஒரு சிவப்பு விளக்கு

வெள்ளிக்கிழமை, இரவு.

போன இரண்டு கச்சேரியிலும் பாட்டின் நடுவே என் கிட்டார் திடீரென்று கரகரத்தது. ஆம்ப்ளிஃபயரின் கால் சுவிட்சை நான்தான் தெரியாமல் மிதித்துவிட்டேன் என்று கீபோர்டு வாசிக்கும் சேகர் அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். அவருடைய மச்சானும் கிட்டார் வாசிப்பவன். என் இடத்துக்கு அவனைக் கொண்டுவரப் பார்க்கிறாரோ என்ற சந்தேகத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை சுவிட்சைத் திறந்து ஒரு சிவப்பு எல்.இ.டி. வைத்து சால்டர் செய்தேன். சுவிட்சை மிதித்துக் கரகரப்பு வந்தால் அது எரியும். புதூர்நாட்டில் ஒத்திகைக்குப் போனதும் அண்ணன் குனிந்து பார்த்தார்.

"இன்னாத்துக்குமா இந்த லைட்டு?"

"யார் மிதிச்சாலும் தெரிஞ்சிடும்ல, அதுக்குத்தாண்ணா."

அவர் சிரிக்கவில்லை. அதன்பின் இரண்டு மணி நேரம் வாசித்தோம். ஒருமுறைகூடத் தானாகக் கரகரக்கவில்லை.

டீ குடித்துவிட்டு வந்து சுவிட்சை மிதித்தேன். சத்தம் மாறியது, விளக்கு தெரியவில்லை. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"கண்ணு கூசுதுமா, அதான் ஒட்னேன்" என்றார் அண்ணன்.

உளுந்து அளவு விளக்கு. அதுவும் என் பக்கம் பார்த்து வைத்தது.

அவர் பார்க்கும்போதே டேப்பைப் பிய்த்தேன். நாளை திருவிழா மேடையில் சுவிட்சையும் எடுத்துக்கொண்டு, அவர் கால் எட்டாதபடி டிரம்ஸ் பக்கம் தள்ளி நிற்கப் போகிறேன். ஏன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.