கல் வைத்த மாம்பழம்

வைகாசி 4, ஞாயிறு

இலுப்பூரில் பழக்கடை வைத்திருக்கும் முருகேசன் என்னிடம் வேதியியல் படித்தவன். கடை முன்னால் இருந்த மாம்பழக் குவியலில் கை வைத்தேன். தடுத்துவிட்டான்.

"அது ஒங்களுக்கு வேணாம் சார், கார்பைடு கல்லு வச்சது. ஈரம் பட்டா அசிட்டிலீன் வரும், காய் மஞ்சளாயிரும். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே!"

அந்தக் கல்லில் ஆர்சனிக் நஞ்சும் கலந்திருக்கும் என்று சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்காக வைக்கோலில் பழுத்ததை உள்ளேயிருந்து எடுத்துவந்தான். அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தக் குவியலில் பழம் பொறுக்கினாள். சொல்ல வாயெடுத்தேன்.

"சார்..." என்று முருகேசன் மெதுவாகக் கூப்பிட்டான். கெஞ்சுகிற குரல். நிறுத்திக்கொண்டேன். அவள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவன் கொடுத்த பழம் அடுக்களையில் மணக்கிறது. வெட்ட மனமில்லை. உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. இந்நேரம் குழந்தைக்கு ஊட்டியிருப்பாள்.